நான்கு வாக்குள்ள தொகுதி

தம்பி,

உன் கலியாண அழைப்பிதழோடு வந்த பதில் அட்டை மூன்று கிழமையாக எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கவுன்சில் குப்பை எடுக்கும் நாள்கள் போட்ட தாளுக்குப் பக்கத்தில், காந்தத்தில் தொங்கியது. அதில் நாலு பெயர்: நான், உன் அம்மா, பெரியப்பா, உன் தங்கச்சி. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் இரண்டு சின்னக் கட்டங்கள், வருகிறேன் என்று ஒன்று, வர முடியவில்லை என்று மற்றது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைக் காணாதவன்போலக் கதவைத் திறந்து மூடினேன். இருபத்திரண்டு வருடம் தேர்தல் நாள்களில் இலண்டன் ஹரோவின் வாக்குச்சாவடிகளில் இருந்து வேலை பார்த்தவன் நான். ஒரு கட்டத்துக்குள் புள்ளடி போடுவது எனக்குத் தெரியாத வித்தையல்ல. ஆனால் எங்கள் வீட்டில் கடைசியாக நடந்த வாக்கெடுப்பில்தான் நீ கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாய். இரண்டு வருடமாக அயர்லாந்தில் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு போனில் பேசுகிறாய். நான் பக்கத்தில் வந்துவிட்டேன் என்று தெரிந்தால் மழையைப் பற்றிப் பேசுகிறாய். அதனால் கை போகவில்லை.

கடிதத்தை உன்னிடமிருந்து தொடங்குவது எனக்குக் கஷ்டம். நீ கட்டப்போகும் நோராவின் ஊரிலிருந்து தொடங்குகிறேன், அதற்குக் காரணம் அவளுடைய அப்பா. அழைப்பிதழ் வந்த அதே உறைக்குள் அவர் தன் ஊரின் வரலாறு பற்றிய ஒரு சிறு புத்தகத்தையும் வைத்திருந்தார். ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் இப்படிப் புத்தகம் எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே ஒரு துண்டு: ‘நீங்கள் தேர்தல் வேலை பார்த்தவர் என்று உங்கள் மகன் சொன்னார். எங்கள் ஊர் ஒருகாலத்தில் தனியாக ஒரு நாடாளுமன்றத் தொகுதியாக இருந்தது. இப்போது இல்லை. உங்களுக்குப் பொழுதுபோகும்.’ நீ என்னைப் பற்றி அவரிடம் பேசியிருக்கிறாய் என்பதை அந்தத் துண்டில்தான் அறிந்தேன். அதை இரண்டு தரம் வாசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தை மட்டும் பிழை பிடிக்கும் நோக்கத்தோடுதான் திறந்தேன். சம்பந்தியாக வரப்போகிறவரிடம் குறை தேடுவது எங்கள் ஆட்களின் பழைய விளையாட்டு, உனக்குத் தெரியும்.

பிழை அகப்படவில்லை. ஆற்றுமுகத்தில் ஒரு தெருவும் ஒரு துறையும் மட்டுமே இருந்த அந்த ஊருக்கு, இங்கிலாந்து அரசர் ஒருவர் ஒரு பட்டயம் எழுதிக் கொடுத்தார். டப்ளினில் இருந்த நாடாளுமன்றத்துக்கு அந்த ஊர் இரண்டு பேரை அனுப்பலாம். யார் தெரிவுசெய்வது? ஊர்ச்சபையின் பதின்மூன்று பேர். அந்தப் பதின்மூன்று பேரும் யார்? ஊரின் நிலம் முழுவதையும் வைத்திருந்த பிரபுவின் மச்சான், மருமகன், கணக்குப்பிள்ளை, குதிரைக்காரன். சிலர் அந்த ஊரில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. ஊர்ச் சனம் பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர்களுக்கு வாக்கே இல்லை. பிரபு காலையில் சாப்பிடும்போது இரண்டு பெயரைச் சொல்வார், மதியத்துக்குள் தேர்தல் முடிந்துவிடும். பிறகு டப்ளின் நாடாளுமன்றத்தை மூடி அயர்லாந்தை வெஸ்ட்மின்ஸ்டரோடு சேர்த்தபோது இப்படிப்பட்ட பல குட்டித் தொகுதிகளை ஒழித்தார்கள். ஒழித்ததற்கு நட்டஈடும் கொடுத்தார்கள், வாக்காளருக்கல்ல, தொகுதியின் ‘சொந்தக்காரர்’களுக்கு. நோராவின் ஊர் அந்தக் கத்திக்குத் தப்பி, இரண்டு ஆசனத்துக்குப் பதிலாக ஒன்றோடு இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடு இருந்தது. சீர்திருத்தங்கள் வந்தன, கத்தோலிக்கருக்கும் வாக்கு வந்தது, கடை வைத்திருந்தவர்களும் நல்ல வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களுமாகச் சில நூறு பேர் வாக்காளர் ஆனார்கள். இதையெல்லாம் நான் தேநீர் குடித்துக்கொண்டே, சற்று இளக்காரமாகத்தான் வாசித்தேன்.

பிறகு ஒரு பக்கத்தில் தேநீர் ஆறிப்போயிற்று. அந்தக் காலத்தில் வாக்கு என்பது வாயால் சொல்வது. ஊரின் நடுவே இருந்த சந்தை மண்டபத்தின் படிகளில் ஏறவேண்டும். மேலே ஒரு மேசை; எழுதுகிறவர் ஒருவர்; அவருக்குப் பக்கத்துக் கதிரையில் பிரபுவின் காரியக்காரர், கையில் குடியிருப்பாளர் பட்டியலோடு. கீழே தெரு நிறைய, வாக்கில்லாத சனம், மறுபக்கத்துக்காகக் கத்திக்கொண்டு. இவர்கள் எல்லோருக்கும் கேட்க, நீ யாருக்கு என்று பெயரைச் சொல்லவேண்டும். சொன்னதைப் புத்தகத்தில் எழுதுவார்கள், பிறகு யாரும் பார்க்கலாம். பிரபுவின் ஆளுக்கு எதிராகச் சொன்னால் வீட்டுக் குத்தகை போகும். பிரபுவின் ஆளுக்குச் சொன்னால் கடைக்கு வாடிக்கையாளர் வரமாட்டார்கள், யன்னல் கண்ணாடி போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. குதிரைச் சேணம் தைக்கும் ஒருவரைப் பற்றி நோராவின் அப்பா எழுதியிருக்கிறார். அவர் படியேறி, மேசைக்கு முன்னால் வெகுநேரம் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்று, காரியக்காரரின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, பிரபுவின் ஆளுடைய பெயரை மெல்லச் சொன்னாராம். எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை. ‘உரத்துச் சொல்லும்’ என்றார். இரண்டாம் தரமும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் தெருவுக்கே கேட்டது. அந்த வருடம் முடியுமுன் அவர் குடும்பத்தோடு லிவர்பூலுக்குக் கப்பலேறிவிட்டார். அவர் உண்மையில் யாரை விரும்பினார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

‘அவர் முகத்தைப் பார்த்துவிட்டு’ என்ற இடத்தில்தான் எனக்கு எங்கள் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது. உனக்கு நான் சொல்லத் தேவையில்லை; ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதுவரை நான் என் பக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லாம் வாக்கெடுப்பு. மற்ற வீடுகளில் தகப்பன் சொன்னால் அதுதான் முடிவு, எங்கள் வீட்டில் எல்லோரிடமும் கேட்டுத்தான் செய்வோம் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசியவன். எந்தக் கார் வாங்குவது, நீ சனிக்கிழமை தமிழ் வகுப்போடு மிருதங்கமும் படிப்பதா அல்லது கிரிக்கெட்டுக்குப் போவதா, பெரியப்பா எங்களோடு வந்து இருப்பதா, எல்லாம் வாக்கெடுப்பு. முறையும் ஒரே முறை. முதலில் நான் என் அபிப்பிராயத்தைச் சொல்வேன். பிறகு அம்மாவைப் பார்த்து, ‘நீர் என்ன சொல்லுறீர்?’ என்பேன். அம்மா என் முகத்தைப் பார்ப்பா. பிறகு வயது வரிசையில் மற்றவர்கள். மிருதங்கத்துக்கு எதிராக நீ ஒருவன் மட்டும் வாக்குப் போட்டாய். அப்போது உனக்குப் பதினொரு வயது. ‘ஏன் அப்பா எப்பவும் ஃபர்ஸ்ட் சொல்லுறீங்கள்?’ என்று கேட்டாய். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கேள்வி நல்ல கேள்வி என்று எனக்குப் படவில்லை, பிள்ளை கெட்டிக்காரன் என்றுதான் பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரகசிய வாக்கின் அருமை தெரிந்தவன் நான். நாங்கள் விட்டு வந்த இடத்தில் வாக்குப் போட்டாலும் ஆயுதம் வைத்திருந்த ஒருவருக்குப் பதில் சொல்லவேண்டும், போடாவிட்டாலும் இன்னொருவருக்குப் பதில் சொல்லவேண்டும் என்றிருந்த காலம் அது. வீட்டுக்குள் இருப்பதே உத்தமம். இலண்டனுக்கு வந்து, விசா கிடைத்து, கொமன்வெல்த் நாட்டுக்காரனுக்கு இங்கே வாக்கு உண்டு என்று பெரியப்பா சொல்லி, ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் பலகைத் தடுப்புக்குள் போய் நின்றேன். நூலில் கட்டிய ஒரு கட்டைப் பென்சில். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. என்ன போட்டாய் என்று வெளியே ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு முதுகு வேர்த்தது, பிறகு அழுகை வந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் பிறகு வருடாவருடம் லீவு எடுத்து அந்த வேலைக்குப் போனேன், விடிய ஐந்து மணிக்குப் பாணும் தேநீர்ப் பிளாஸ்க்குமாக. எங்கள் ஆட்கள் சிலர் மனைவியோடு ஒரே தடுப்புக்குள் நுழையப் பார்ப்பார்கள். நான் எழும்பிப் போய், ‘அண்ணை, அவ தனியப் போடட்டும். நீங்கள் இஞ்சால வாங்கோ’ என்று சொல்லிப் பிரிப்பேன். ஒருவர் என்னோடு சண்டைக்கே வந்தார், ‘அவவுக்கு ஒண்டும் தெரியாது தம்பி, நான் சொல்லிக் குடுக்கவேணும்’ என்று. அவருக்கு நான் சட்டம் படிப்பித்தேன். மாலையில் வீட்டுக்கு வந்து, எங்கள் மேசையில் அமர்ந்து, உன் அம்மாவிடம் ‘நீர் என்ன சொல்லுறீர்?’ என்று கேட்டேன். ஊருக்கு உபதேசம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நோராவைப் பற்றி நீ சொன்ன அன்று மத்தியானம் அம்மா நண்டுக்கறி வைத்திருந்தா. நீ சொல்லி முடித்ததும் நான் வழமைபோல வாக்கெடுப்பு என்றேன். வழமைபோல முதலில் சொன்னேன். ‘எனக்கு இதிலை விருப்பமில்லை. பிள்ளை நல்ல பிள்ளையாய் இருக்கலாம். ஆனால் எங்களுக்குச் சரிவராது. இனி நீங்கள் சொல்லுங்கோ.’ அம்மா என் முகத்தைப் பார்த்தா, பிறகு நண்டைப் பார்த்தா. ‘உங்கட விருப்பம்தான்’ என்றா. பெரியப்பா, ‘தம்பி, நீ யோசிக்காமல் சொல்லமாட்டாய்’ என்றார். தங்கச்சி நண்டு ஓட்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். ‘ம்... அப்பா சொல்றதுதான்’ என்றாள். நாலுக்கு ஒன்று என்று நான் அறிவித்தேன், உண்மையிலேயே ஒரு நீதி நடந்துவிட்டது என்ற குரலில். நீ கையைக் கழுவிவிட்டு வந்து, ‘இது வாக்கெடுப்பில்லை அப்பா. இது இடாப்புக் கூப்பிடுறது. நீங்கள் பேர் சொல்லுவீங்கள், நாங்கள் பிரசண்ட் சேர் எண்டவேணும்’ என்றாய். கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாய். அது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. உன்மேல் கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சேணக்காரரின் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ பயற்றங்காய் கிள்ளிக்கொண்டு கேட்டா. ‘பாவம் மனிசன்’ என்று சொல்லுவா என்று நினைத்தேன். சொல்லவில்லை. ‘நாங்கள் இஞ்சை ஹரோவுக்கு வந்தது என்னெண்டு நினைவிருக்கே?’ என்று கேட்டா. இலண்டனின் கிழக்குக் கோடி ஈஸ்ட்ஹாமிலிருந்து இங்கே வீடு வாங்க வந்தபோதும் வாக்கெடுப்புத்தான் நடந்தது என்றும், எல்லோரும் ஒரே முடிவு என்றும் நான் சொன்னேன். ‘எனக்கு வர விருப்பமில்லை’ என்றா. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு, பயற்றங்காய் கிள்ளிக்கொண்டு, நாளைக்கு மழை என்று சொல்வதுபோல. ‘அங்கை கோயில் கிட்ட. என்ர தங்கச்சியாக்கள் நடந்து வாற தூரம். இஞ்சை முதல் மூண்டு வருசம் ஒரு மனிசரோட கதைக்க எனக்கு ஆள் இல்லை.’ ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘நீங்கள் கேட்ட மாதிரிக் கேட்டால் ஆர் இல்லையெண்டு சொல்லுறது?’ என்றா. கோபமாகச் சொல்லவில்லை. அவவுக்கு அது எப்போதோ ஆறிப்போன விஷயம். எனக்குத்தான் அன்றைக்குப் புதுசு. வெட்கமாக இருந்தது, தம்பி. வேறு சொல் தேடத் தேவையில்லை, வெட்கம்தான்.

புத்தகத்தின் கடைசிப் பகுதியை அன்று பிற்பகல் தனியே இருந்து வாசித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரகசிய வாக்குச் சட்டம் வந்தது. அதே சந்தை மண்டபத்தில் தடுப்புக் கட்டினார்கள். முதல் தேர்தலில் பிரபுவின் ஆள் சொற்ப வாக்கால் தோற்றார். காரியக்காரர் வீடுவீடாகப் போய், நீ யாருக்குப் போட்டாய் என்று கேட்டாராம். எல்லாக் கதவிலும் ‘உங்கள் ஆளுக்குத்தான் ஐயா’ என்ற பதில். கணக்குப் பார்த்தால் பிரபுவின் ஆளே பெரும்பான்மையால் வென்றிருக்கவேண்டும். அந்த வரியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்தச் சந்தோஷம் அந்த ஊருக்கு நீடிக்கவில்லை. இன்னும் ஒரு பொதுத்தேர்தல்தான். பிறகு தொகுதிகளைத் திருத்தி எழுதியவர்கள், தனி ஆசனம் வைக்கிற அளவுக்கு இது ஊரில்லை என்று மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். நூற்றாண்டுக் கணக்காக ஒரு வீட்டின் சட்டைப்பையில் இருந்த தொகுதி. தன் மனதைத் தானே சொல்லப் பழகியதும் இல்லாமல் போயிற்று. நோராவின் அப்பா அதைப் புலம்பாமல் எழுதியிருக்கிறார். தன் பாட்டனாரின் பாட்டனார் பெயரும் பழைய வாக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்றும், எந்தப் பக்கம் என்று தன் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை என்றும் ஒரு குறிப்பு. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

எங்கள் தொகுதியும் சின்னது. நீ போனபின் நாலு வாக்கு. பெரியப்பாவுக்கு எண்பதாகிறது, தங்கச்சி தனியே இருக்கக் கிழக்கு இலண்டனில் பிளாட் பார்க்கிறாள். இதுவும் ஒருநாள் எதனோடாவது சேர்க்கப்பட்டுவிடும். அதற்குமுன் ஒருமுறையாவது ஒழுங்காகத் தேர்தல் நடத்தவேண்டும் என்று தோன்றியது. போன சனிக்கிழமை காலை, சாப்பாட்டுக்குப் பிறகு, நாலு துண்டு வெட்டினேன். ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் கொம்பியூட்டரில் அடித்த ஒரே கேள்வி: தம்பியின் கலியாணத்துக்குச் சம்மதமா? ஓம், இல்லை என்று இரண்டு கட்டம். தடுப்புக்கு, மாடிப்படியின் கீழே நாங்கள் தூசு உறிஞ்சும் ஹூவர் வைக்கும் அறை. உள்ளே பல்ப் இருக்கிறது. பழைய கட்டைப் பென்சில் ஒன்று என் மேசை லாச்சியில் கிடந்தது. பெட்டிக்குத் தேயிலை டின், மூடியில் ஒரு வெட்டு. தங்கச்சி ‘அப்பா, சீரியஸ்லி?’ என்றாள். ‘சீரியஸ்’ என்றேன். ‘முதலிலை சொல்லமாட்டன். கடைசியாய்ப் போடுறன். போட்டதை ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, நான் கேட்டாலும் சொல்லக்கூடாது.’ பெரியப்பா உள்ளே போகும்போது தலையை இடித்துக்கொண்டார். அம்மா உள்ளே வெகுநேரம் நின்றா. தங்கச்சி போன வேகத்தில் வந்தாள்.

என் முறை வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஹூவரும் பழைய சப்பாத்துகளும் நானும். இரண்டு வருடமாக என் பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பென்சிலை வைத்தபோது ஒன்று விளங்கியது. நானும் அன்று அந்த மேசையில் முகம் பார்த்துத்தான் வாக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் முகங்களை அல்ல. கோயில் மண்டபத்தில், பக்கத்துப் பந்தியில், ‘மகன் வெள்ளைக்காரியையோ கட்டுறார்?’ என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்கப்போகிறவர்களின் முகங்களை. பிரபுவும் நானே, தெருவைப் பார்த்துப் பயந்த சேணக்காரனும் நானே. அந்த அறைக்குள் அவர்கள் ஒருவரும் இல்லை. நீ மட்டும் நினைவுக்கு வந்தாய், கதவை மெதுவாகச் சாத்திய கையோடு. நான் ஓம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

எண்ணுவதற்குத் தங்கச்சியை நியமித்தேன். அவள் டின்னைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக விரித்து வாசித்தாள். ஓம். ஓம். இல்லை. ஓம். மூன்றாவது துண்டை வாசித்ததும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோர் முகத்திலும் இரக்கம். ‘பரவாயில்லை அப்பா, த்ரீ-வன். இந்தமுறை தோத்திட்டீங்கள்’ என்று தங்கச்சி என் முதுகில் தட்டினாள். பெரியப்பா, ‘ஜனநாயகம் எண்டால் இப்பிடித்தான் தம்பி, ஏற்கவேணும்’ என்றார். அம்மா எனக்குத் தேநீர் ஊற்றி, வழமைக்கு மாறாகச் சீனி கூடப் போட்டா. ‘நான் போட்டது ஓம்’ என்று சொல்ல வாய் உன்னியது. நுனி நாக்குவரை வந்ததை விழுங்கினேன். நான் அதைச் சொன்ன நிமிடமே அந்த இல்லை மூன்று பேருக்குள் ஒருவருடையதாகிவிடும், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், இரகசியம் செத்துவிடும். வாழ்நாள் முழுக்க என் வாக்கை உரத்துச் சொன்னவன், சொல்லவேண்டும் என்று உண்மையாக விரும்பிய ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டு தேநீர் குடித்தேன்.

துண்டுகளை அன்றே அழிக்கவில்லை. இரண்டு நாள் டின் என் மேசையில் இருந்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களின் புள்ளடியைக் கிட்டப் பார்த்தால் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை மூடியில் கைகூட வைத்தேன். பிறகு அந்தக் காரியக்காரர் வீடுவீடாகக் கதவு தட்டியது நினைவுக்கு வந்தது. துண்டுகளைக் கிழித்து, வெங்காயத் தோலோடும் மீன் செதிலோடும் சமையல் கழிவு வாளிக்குள் போட்டேன். திங்கட்கிழமை கவுன்சில் லொறி கொண்டுபோய்விட்டது.

உனக்கு மட்டும் ஏன் சொல்கிறேன்? இதில் என் சுயநலம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். தங்கச்சி சொல்லக் கேட்டு, தகப்பன் தோற்றுப்போய் வருகிறான் என்று நீ நினைத்து, என்னைக் கவனமாக, விருந்தாளியைப்போல நடத்துவாய். அதை என்னால் தாங்க ஏலாது. நான் சம்மதித்து வருகிறேன். ஆனால் இதைச் சொன்னதால் ஒரு பாரத்தை உன் தலையிலும் வைக்கிறேன். அம்மா, பெரியப்பா, தங்கச்சி, இந்த மூவரில் ஒருவர் இல்லை என்று போட்டிருக்கிறார். என்ன காரணமோ. பயமாக இருக்கலாம், நீ இனித் திரும்பி வரவேமாட்டாய் என்ற எண்ணமாக இருக்கலாம், என் முகம் பார்த்துப் பழகிய கை அந்த அறைக்குள்ளும் எனக்காகப் போட்டதாகவும் இருக்கலாம். தேடாதே. கலியாண வீட்டில் முகங்களை ஆராயாதே. நான் இந்தக் கிழமை முழுக்க, கேட்காமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா ஈஸ்ட்ஹாமுக்கு இரண்டு பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய் நோராவுக்குக் கூறைச்சேலை எடுத்து வந்து, அவளுடைய நிறத்துக்குச் சரியோ என்று யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறா. பெரியப்பா புதுச் சப்பாத்து வாங்கி, கடிக்காமல் இருக்கவேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறார். தங்கச்சி விமானம், வாடகைக் கார், ஆர் எந்த அறையில் என்று எல்லாவற்றையும் ஒரு ஆளாகச் செய்து முடித்துவிட்டாள். இவர்களில் ஒருவர் இல்லை போட்டவர். எவர் என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீ குடும்பம் நடத்தப்போகிறாய். நோராவிடம் ஒன்றைக் கேட்கும்போது உன் விருப்பத்தை முதலில் சொல்லாதே. அவள் ‘உங்கள் விருப்பம்தான்’ என்று எப்போதாவது சொன்னால் அதை ஓம் என்று எண்ணி எழுதிக்கொள்ளாதே. அதற்குள் ஒரு ஈஸ்ட்ஹாம் இருக்கும். எல்லோரும் எப்போதும் ஓம் சொல்லும் வீடு நல்ல வீடு என்று நான் நம்பியிருந்தேன். இப்போது, ஒருவர் பயப்படாமல் இல்லை என்று போட்டுவிட்டு, அடுத்த நாள் அதே மேசையில் இருந்து சாப்பிடக்கூடிய வீடு போதும் என்று நினைக்கிறேன். உங்கள் கலியாணமும் வரவேற்பும் அந்தச் சந்தை மண்டபத்தில்தான் என்று அழைப்பிதழில் இருக்கிறது. அந்தப் படிகளை நான் பார்க்கவேண்டும். அந்தச் சேணக்காரர் நின்ற இடத்தில் நீங்கள் இருவரும் ஊருக்குக் கேட்க ஒரு பதில் சொல்லப்போகிறீர்கள். அதைமட்டும் மூன்றாம் தரம் கேட்கவைக்காமல், முதல் தரமே உரத்துச் சொல்.

நேற்றுக் காலை அந்த அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தேன். இதற்குத் தடுப்பும் டின்னும் வேண்டாம், எல்லோரும் பார்க்கப் போடலாம் என்றேன். தங்கச்சி சிரித்துக்கொண்டு, ‘அப்பா, நீங்கள்தானே ஃபர்ஸ்ட்’ என்று பென்சிலை என்னிடம் நீட்டினாள். பழைய பழக்கம், இந்த ஒருமுறை மட்டும். முதலில் நான் போட்டேன். வருகிறேன். பிறகு பென்சில் கைமாறியது. அம்மா, பெரியப்பா, தங்கச்சி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வருகிறேன், வருகிறேன், வருகிறேன்.

அப்பா